எம்.ஏ. ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ்: எம்.பி.ஏ. மாதிரியா, எகனாமிக்ஸ் மாதிரியா? சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

மே மாதம் வந்தால் பல வீடுகளில் இந்தக் கேள்வி வரும். “டிகிரி முடிச்சாச்சு, அடுத்து என்ன?” எம்.பி.ஏ. என்று சொன்னால் மாமா தலையாட்டிவிடுவார். சி.ஏ. என்றால் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார். “எம்.ஏ. ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ்” என்று சொல்லிப் பாருங்கள். “எம்.ஏ.வா? அப்போ வாத்தியார் வேலைக்குத்தானே போகப் போறே?” என்பார். இல்லையென்றால், “ஷேர் மார்க்கெட் படிப்பா? வேண்டாம்ப்பா, காசு போயிடும்” என்பார்.

மாமா சொன்ன இரண்டுமே தப்பு. ஆனால் அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இந்தப் படிப்பில் சேருகிறவர்களிலேயே பலருக்கு முதல் செமஸ்டர் பாதி ஓடிய பிறகுதான் எதற்குள் வந்திருக்கிறோம் என்பது புரிகிறது. ‘ஃபைனான்ஷியல்’ என்ற சொல்லைப் பார்த்து வருகிறார்கள். உள்ளே ‘எகனாமிக்ஸ்’ காத்திருக்கிறது. அதற்குள் கணிதமும் உட்கார்ந்திருக்கிறது.

அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

ஒரு நிஜ உதாரணம். 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ் - ஆப்ஷன்ஸ் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93% பேர், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் அடைந்திருந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

இதைப் படித்ததும் நமக்கெல்லாம் தோன்றுவது, “ஐயோ, இதுல இறங்கக் கூடாதுப்பா.” டிரேடிங் கற்றுத்தருகிறவர், “மீதி 7% பேரில் ஒருவராக வருவது எப்படி?” என்று ஒரு கோர்ஸ் விற்பார். நிதிப் பொருளாதாரம் படித்தவர் கேட்கும் கேள்வி வேறு. ஆப்ஷன் வர்த்தகத்தில் ஒருவர் இழப்பது இன்னொருவரின் பைக்குத்தானே போகிறது? எதிர்ப்பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அதே அறிக்கையில் பதில் இருக்கிறது. 2024 நிதியாண்டில் நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வர்த்தகர்கள் சுமார் 33,000 கோடி ரூபாயும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடி ரூபாயும் ஈட்டினார்கள். செலவுகளைக் கழிப்பதற்கு முந்தைய கணக்கு இது. அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கும் மேலானது கம்ப்யூட்டர் அல்காரிதம் மூலம் வந்தது. அடுத்த மாதமே செபி விதிகளை மாற்றியது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வாராந்திர ஒப்பந்தங்களை ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது.

யார் இழக்கிறார்கள், யாருக்குப் போகிறது, விதியை மாற்றினால் நடத்தை மாறுமா, அல்லது அந்தப் பணம் வேறு ஓட்டை வழியாகப் போகுமா? இவற்றைத் தரவு வைத்து, நிரூபிக்கும் விதத்தில் கேட்பதற்கான பயிற்சிதான் இந்தப் படிப்பு. நாளைக்கு எந்தப் பங்கு ஏறும் என்பதற்கு இதில் பாடம் கிடையாது. உண்மையில் அதைச் சொல்ல முடியாது என்பதற்கான வாதங்கள்தான் நிறைய இருக்கும். அந்த வாதத்துக்காக யூஜின் ஃபாமாவுக்கும், அதோடு முரண்பட்டதற்காக ராபர்ட் ஷில்லருக்கும் 2013-ல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். (கூடவே லார்ஸ் பீட்டர் ஹேன்சனுக்கும். அவர் பெயரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், படிக்கும் மாணவர்களைத் தவிர. அவருடைய முறை சிலபஸில் இருக்கிறது!)

ஷேர் மார்க்கெட்டே வேண்டாம், நம்ம ஊர் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதமே அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர் 30,000 தள்ளி 70,000 ரூபாய்க்கு எடுக்கிறார். கடைசி வரை காத்திருக்கிறவருக்குத் தள்ளுபடி இல்லாமல் கிடைக்கிறது. ஒரே சீட்டு. முதலில் எடுத்தவருக்கு அது கடன், கடைசியில் எடுத்தவருக்கு அது சேமிப்பு. எடுத்தவர் எவ்வளவு வட்டி கட்டுகிறார்? காத்திருந்தவருக்கு எவ்வளவு வட்டி கிடைத்தது? பல வருடம் சீட்டு கட்டுகிற வீடுகளில்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

டிமோதி பெஸ்லி, ஸ்டீஃபன் கோட், கிளென் லௌரி என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 1993-ல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். குலுக்கல் சீட்டு நல்லதா, ஏலச்சீட்டு நல்லதா என்பது அதில் ஒரு கேள்வி. எல்லாருடைய விருப்பமும் ஒரே மாதிரி இருந்தால், சில நிபந்தனைகளின் கீழ் குலுக்கலே மேல் என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. பாட்டி காலத்துச் சமாச்சாரம் என்று நாம் நினைப்பது, உலகின் முன்னணிப் பொருளாதார இதழில் சமன்பாடுகளோடு நிற்கிறது. இது பிடித்திருந்தால் இந்தப் படிப்பும் பிடிக்கும். “சமன்பாடா?” என்று முகம் சுளித்தால், அடுத்த பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கணக்கு எவ்வளவு வேணும்?

நிறைய வேண்டும். இதில் மழுப்பலே கிடையாது.

இரண்டு பங்குகள் இருக்கின்றன. இரண்டின் ஏற்ற இறக்கமும் தலா 20% என்று வைத்துக்கொள்வோம். பணத்தைப் பாதிப் பாதியாகப் போடுகிறீர்கள். இப்போது உங்கள் மொத்த முதலீட்டின் ஏற்ற இறக்கம் எவ்வளவு? “அதுவும் 20%தானே?” என்றுதான் தோன்றும். இரண்டு பங்கும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் 20%. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றால் சுமார் 14%. ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்கினால் பூஜ்ஜியம். வெயிலுக்குத் தர்ப்பூசணியும் மழைக்குக் குடையும் விற்கிற கடைக்காரருக்கு இது தெரியும். அவர் அதற்கு ‘கோவேரியன்ஸ்’ என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கணிதமாக எழுதியவர் ஹாரி மார்கோவிட்ஸ். 1952-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையின் நவீன வரலாற்றைத் தொடங்குவார்கள். இரண்டு பங்குக்கு பிளஸ் டூ கணக்கு போதும். 50 பங்குகள் என்றால் மேட்ரிக்ஸ் வேண்டும். எவ்வளவு எவ்வளவு பிரித்துப் போட்டால் ரிஸ்க் மிகக் குறைவு என்று கண்டுபிடிக்கக் கால்குலஸ் வேண்டும். நாளைய ஏற்ற இறக்கம் நேற்றையதைச் சார்ந்திருக்கிறதா என்று பார்க்க டைம் சீரிஸ் வேண்டும். ஆப்ஷனுக்கு விலை சொல்லும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்துக்குப் போனால், நிகழ்தகவு கொஞ்சம் கனமாகவே வேண்டும்.

முதல் ஆண்டில் பெரும்பாலான இடங்களில் நுண்ணினப் பொருளாதாரம், பேரினப் பொருளாதாரம், கணித முறைகள், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ். இதில் ‘ஃபைனான்ஸ்’ வாசனை லேசாகத்தான் அடிக்கும். இரண்டாம் ஆண்டில்தான் கார்ப்பரேட் ஃபைனான்ஸ், டெரிவேட்டிவ்ஸ், கடன் பத்திரங்கள், ரிஸ்க் மேனேஜ்மென்ட் எல்லாம் வரும். இதோடு ஆர் அல்லது பைத்தானில் புரோகிராம் எழுதும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

பிளஸ் டூவில் பிசினஸ் மேத்ஸ் எடுத்தவர்கள் பயப்படத் தேவையில்லை. காமர்ஸில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் குரூப் எடுத்து, கணக்கே இல்லாமல் வந்தவர்களுக்குத்தான் சிக்கல். சில நிறுவனங்கள் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஆகவே முதலில் தகுதிப் பக்கத்தை வரி விடாமல் படியுங்கள். தகுதி இருந்தும் டச் விட்டுப்போயிருந்தால், தமிழ்நாடு அரசின் 11, 12-ம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மேட்ரிக்ஸ், வகையீடு, தொகையீடு, நிகழ்தகவு, ஒட்டுறவு எல்லாம் அதில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் அந்த இரண்டு புத்தகங்களையும் ஒரு மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். போடும்போது தூக்கம் வந்தால் அதுவே ஒரு தகவல்தான்.

தமிழ் மீடியத்தில் பி.ஏ. எகனாமிக்ஸ் முடித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கணக்கைவிட, எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதுதான் முதல் இரண்டு மாதச் சுமை. ஆனால் இந்தத் துறையின் பாடப்புத்தக ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் கிடையாது. திரும்பத் திரும்ப ஒரு சில நூறு சொற்கள்தான். பாதிப் பக்கம் குறியீடுகள். என்.பி.டி.இ.எல். தளத்தில் எகனாமெட்ரிக்ஸ், ஃபைனான்ஸ் பாட வீடியோக்கள் இலவசம். சேருவதற்கு முந்தைய விடுமுறையில் இரண்டு பாடத்தைக் கேட்டு வைத்தால் காது பழகிவிடும்.

அப்போ எம்.பி.ஏ. ஃபைனான்ஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கம்பெனிக்கு 100 கோடி ரூபாய் தேவை. கடன் வாங்கலாமா, பங்கு விற்கலாமா? எம்.பி.ஏ. படித்தவர் இந்த முடிவை எடுக்கக் கற்கிறார். நிதிப் பொருளாதாரம் படித்தவர், எந்தச் சூழலில் கம்பெனிகள் கடனை விரும்புகின்றன, வட்டி ஏறினால் அது எப்படி மாறும், வங்கி ஏன் ஒருவருக்குக் கடன் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்கிறது என்று கேட்கக் கற்கிறார். எம்.பி.ஏ.வில் மார்க்கெட்டிங், எச்.ஆர்., குழு விவாதம், பிரசன்டேஷன் எல்லாம் கலந்து வரும். இங்கே அவை இல்லை. ஆட்களோடு பேசி வேலை வாங்குவது பிடிக்குமென்றால் எம்.பி.ஏ. பொருந்தும். எக்செல் ஷீட்டோடு தனியாக நான்கு மணி நேரம் உட்காரப் பிடிக்குமென்றால் இது.

சி.எஃப்.ஏ. என்பது வேறு ரகம். அது டிகிரி அல்ல, தொழில்முறைத் தகுதி. மூன்று நிலைத் தேர்வுகள், அதோடு குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரப் பணி அனுபவம். எம்.ஏ. படித்துக்கொண்டே முதல் நிலையை எழுதுகிறவர்கள் உண்டு, ஏனென்றால் பாடங்கள் கணிசமாக ஒத்துப்போகின்றன. ஆனால் சி.எஃப்.ஏ.வை வைத்து பிஎச்.டி.க்கோ, அரசுப் பொருளாதார வேலைகளுக்கோ போக முடியாது. எம்.ஏ.வை வைத்துப் போகலாம்... பெரும்பாலும். அந்தப் ‘பெரும்பாலும்’ கொஞ்சம் முக்கியம், பிறகு வருகிறேன்.

எங்கே படிக்கலாம்?

சென்னையிலேயே இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிற பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். பொருளாதார அறிஞர் ராஜா செல்லையா 1990-களில் உருவாக்கியது. முன்னாள் ரிசர்வ் வங்கி கவர்னர் சி.ரங்கராஜன் நீண்ட காலம் இதன் தலைவராக இருந்திருக்கிறார். இங்கே ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் தனி எம்.ஏ.வாகவே இருக்கிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடத்தப்படும் படிப்பு இது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் இதே பெயரில் எம்.ஏ. தருகிறது. புனேயில் 1930-ல் தொடங்கப்பட்ட கோகலே இன்ஸ்டிடியூட்டில் எம்.எஸ்சி. ஆக இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் இப்போது இந்தப் பெயரில் படிப்புகளைத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் சேரும் முன் பெயரைப் பார்க்காதீர்கள், சிலபஸைப் பாருங்கள். எகனாமெட்ரிக்ஸ் இரண்டு தாள்களாவது இல்லையென்றால் அது வேறு சட்டை போட்ட எம்.காம்.

வெளிநாடு என்றால் ஆக்ஸ்ஃபோர்டின் எம்.எஸ்சி. ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் பிரபலம். ஒன்பதே மாதம். கல்விக் கட்டணம் மட்டும் 50,000 பவுண்டுக்கு மேல். நம்ம பணத்தில் அரைக் கோடி தாண்டிவிடும். அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் பேசப்போவதில்லை.

நம் ஊர் மாணவர்கள் கோட்டை விடுவது தேதியில். மத்தியப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்குப் பொதுவாக கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு. கடந்த சில ஆண்டுகளாக அது மார்ச் மாதத்தையொட்டி நடக்கிறது. விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கி முடிந்துவிடும். அதாவது இறுதியாண்டு ஐந்தாவது செமஸ்டர் தேர்வு நடக்கும் சமயம். ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வந்து, மே மாதம் மாமா கேள்வி கேட்கும்போது விண்ணப்பித்தால் ஒரு வருடம் போச்சு. தேர்வில் 75 கேள்விகள், சரியான பதிலுக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 மைனஸ். தெரியாததைக் குருட்டாம்போக்கில் நிரப்பலாமா? நான்கு விருப்பங்களில் குருட்டுத்தனமாக ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது 0.25 மதிப்பெண். ஒரு விருப்பத்தை நீக்க முடிந்தால் 0.67. எதிர்பார்ப்பு மதிப்பு என்பார்கள் இதை. படிப்பு இங்கேயே தொடங்கிவிட்டது.

டிகிரியின் பெயரில் இருக்கிற வில்லங்கம்

தாமதமாகத் தெரிந்தால் வலிக்கிற விஷயம் இதுதான்.

இந்தியப் பொருளாதாரப் பணி, அதாவது ஐ.இ.எஸ். தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. வயது 21 முதல் 30, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. 2020-க்குப் பிறகான அறிவிப்புகளில் காலியிடங்கள் 30-க்குள்தான். கல்வித் தகுதியாக அதன் அறிவிப்பு சொல்வது நான்கு பட்டங்களை: எகனாமிக்ஸ், அப்ளைடு எகனாமிக்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ். அவற்றில் முதுநிலை.

‘ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ்’ என்ற பெயர் அந்த வரியில் இல்லை.

பாடங்கள் கிட்டத்தட்ட அதேதான். சில இடங்களில் எம்.ஏ. எகனாமிக்ஸ் மாணவரும் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் மாணவரும் முதல் ஆண்டு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் சான்றிதழில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைத்தான் சரிபார்க்கும் அதிகாரி பார்ப்பார். எழுதித் தேர்ச்சி பெற்று, ஆவணச் சரிபார்ப்பில் உட்கார்ந்து விளக்கம் கொடுக்கும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம். ஐ.இ.எஸ்.தான் கனவு என்றால், பட்டத்தின் பெயர் அந்த நான்கில் ஒன்றாக இருக்கும் படிப்பில் சேர்ந்து, ஃபைனான்ஸ் பாடங்களை விருப்பப் பாடமாக எடுப்பது பாதுகாப்பு.

தமிழ்நாடு அரசு வேலை என்றாலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் நீளமாக. முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு உரிய பாடத்தில் முதுநிலையும் பி.எட்.டும் வேண்டும். “ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸும் எகனாமிக்ஸும் ஒண்ணுதானே சார்” என்று வாயால் சொன்னால் செல்லாது. இணைத்தன்மை அரசாணை வேண்டும். ஒரு பட்டம் இன்னொரு பட்டத்துக்கு வேலைவாய்ப்பு நோக்கில் சமம் என்றோ, சமமில்லை என்றோ உயர்கல்வித் துறை பட்டம் பட்டமாக, பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக அரசாணை போடும். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளில், அந்த அரசாணை தேர்வு அறிவிப்பு வெளியாகும் தேதிக்குள் வந்திருக்க வேண்டும் என்றும் இருக்கும். வேலை வந்த பிறகு அரசாணைக்கு அலைவதில் பயனில்லை. சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி: “இந்தப் பட்டத்துக்கு எம்.ஏ. எகனாமிக்ஸோடு இணைத்தன்மை அரசாணை இருக்கா? எண் என்ன?” எண்ணைச் சொன்னால் நல்லது. “அதெல்லாம் பிரச்சினை வராதுங்க” என்று சொன்னால், வரும்.

ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் தாராளம். அதன் கிரேடு பி அதிகாரிகளில் பொருளாதார, கொள்கை ஆய்வுத் துறைக்கு என்று தனித் தேர்வு இருக்கிறது. டி.இ.பி.ஆர். என்பார்கள். பொருளாதாரத்தின் உட்பிரிவுகளையும் நிதித்துறைப் பட்டங்களையும் அது ஏற்கிறது. 55% மதிப்பெண் வேண்டும். பொதுப் பிரிவு கிரேடு பி தேர்வுக்கு லட்சக்கணக்கானோர் முட்டிமோதும்போது, பலருக்கு இந்தக் கதவு இருப்பதே தெரிவதில்லை. பாடம் நிஜமாகவே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கூட்டம் இங்கே குறைவு.

பட்டத்தின் பெயர் இடிப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. மார்கோவிட்ஸ் தன் ஆய்வேட்டோடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வுக்குப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த மில்டன் ஃப்ரீட்மன், இது பொருளாதாரமே இல்லை, இதற்கு எப்படிப் பொருளாதாரத்தில் பிஎச்.டி. கொடுப்பது என்று கேட்டாராம். மார்கோவிட்ஸே 1990-ல் நோபல் உரையில் சொன்ன கதை. அன்று பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். சரிபார்ப்பு மேசையில் ஃப்ரீட்மன் அளவுக்கு நகைச்சுவை உணர்வை எதிர்பார்க்க முடியாது.

தனியார் வேலைன்னா என்ன வேலை?

‘அனலிஸ்ட்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஒன்றும் சொல்லாத சொல். நிஜ வேலை ஒன்றைப் பார்ப்போம்.

ஒரு வங்கி 10 லட்ச ரூபாய் கடன் கொடுக்கிறது. அந்த மாதிரி ஆட்கள் கட்டாமல் விடும் வாய்ப்பு 2%. கட்டாமல் விட்டால் சொத்தை விற்று எடுத்ததுபோக வங்கிக்கு 40% நஷ்டம். இரண்டையும் பெருக்கினால் இந்தக் கடனின் எதிர்பார்ப்பு இழப்பு 8,000 ரூபாய். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த ‘2%’ எங்கிருந்து வந்தது? வேலை, வருமானம், பழைய கடன் வரலாறு, ஊர், வட்டி விகிதம், பொருளாதார வளர்ச்சி என்று எல்லாவற்றையும் வைத்து அந்த எண்ணை மதிப்பிடுவது ஒரு குழுவின் வேலை. அந்த மதிப்பீடு சரியா, மந்தநிலை வந்தால் தாங்குமா என்று குடைந்து பார்ப்பது இன்னொரு குழுவின் வேலை. இதற்கு மாடல் வேலிடேஷன் என்று பெயர். சென்னை, பெங்களூரு, மும்பையில் வெளிநாட்டு வங்கிகளின் உலகளாவிய மையங்களில் இந்த வேலை நிறைய நடக்கிறது. எதிர்பார்ப்பு இழப்பு அடிப்படையில் பணத்தை ஒதுக்கிவைக்கும் முறைக்கு இந்திய வங்கிகளையும் நகர்த்தும் வேலையை ரிசர்வ் வங்கி தொடங்கியிருக்கிறது. எனவே உள்ளூர் வங்கிகளுக்கும் இந்த ஆட்கள் தேவைப்படுவார்கள்.

தரமதிப்பீட்டு நிறுவனங்கள், மியூச்சுவல் ஃபண்ட் ஆய்வுக் குழுக்கள், ஆலோசனை நிறுவனங்கள், ஆய்வு மையங்கள் என்று மற்ற வழிகளும் உண்டு. இங்கெல்லாம் இன்டர்வியூவில் மதிப்பெண்ணைவிட, “தரவை வைத்து நீயே செய்த ஒரு வேலையைக் காட்டு” என்பதுதான் எடுபடுகிறது. இரண்டாம் ஆண்டு டிசர்டேஷனைக் கடைசி மாதத்தில் ஒப்பேற்றுகிறவர்கள் இழப்பது இந்த வாய்ப்பை. கல்லூரியின் பிளேஸ்மென்ட் விளம்பரத்தில் ‘அதிகபட்ச சம்பளம்’ என்று பெரிய எழுத்தில் இருப்பது ஒருவர் வாங்கியது. நீங்கள் கேட்க வேண்டியது மீடியன், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு, எத்தனை பேர் பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்தார்கள், அதில் எத்தனை பேருக்குக் கிடைத்தது. சராசரிக்கும் மீடியனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை நம்பித்தான் அந்த விளம்பரங்கள் ஓடுகின்றன.

கடன் வாங்கிப் படிக்கலாமா?

இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கும் முடிவை இந்தப் படிப்பு சொல்லித்தரும் விதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஆண்டுக்கும் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பல்கலைக்கழகம் என்றால் இதைவிட வெகுவாகக் குறையும், தனியாரில் கூடும். ஆண்டு வட்டி 10%. முதல் ஆண்டு 3 லட்சம், இரண்டாம் ஆண்டு 3 லட்சம் எடுக்கிறீர்கள். படிக்கும் காலமும் முடித்து ஓராண்டும் தவணை கிடையாது. வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான், ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 90,000. இரண்டாவது 3 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 60,000. தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 7.5 லட்சம். அதை ஏழு ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 12,450 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 10.46 லட்சம்.

இதோடு, படிக்காமல் இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தையும் சேர்க்க வேண்டும். மாதம் 20,000 ரூபாய் வேலை கையில் இருந்தது என்றால் இரண்டு ஆண்டில் 4.8 லட்சம். இதை யாரும் ரசீதில் போட்டுத் தருவதில்லை, ஆனால் செலவுதான். வீட்டில் அப்பா “ரெண்டு வருஷம் சும்மா போகுதே” என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். அவர் சொல்லும் விதம் பிடிக்காமல் போகலாம், கணக்கு சரி.

வீட்டில் முடியுமென்றால், படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடலாம். முதல் ஆண்டு மாதம் 2,500, அடுத்த இரண்டு ஆண்டுகள் மாதம் 5,000. அப்போது தவணை தொடங்கும்போது கடன் 6 லட்சத்திலேயே நிற்கும், இ.எம்.ஐ. 10,000-க்குள் வரும். இப்படிக் கட்டுகிறவர்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் 1% வரை குறைக்கின்றன, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதியத் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் கீழ் கொடுக்கும் கடனுக்குச் சொத்துப் பத்திரம் கேட்கக் கூடாது. கிளையில் கேட்டால், எந்தத் திட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். வேலைக்குப் போன பிறகு கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தில் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்.